அமராவதிக்கு ஒரு டிக்கெட்

எங்கள் ஊர்க் காட்சி அரங்கத்தில் இருக்கும் போர்டுகளில் எழுத்து வேல்பாண்டியுடையது, வாசகம் என்னுடையது. ஆகவே செந்தாமரை அக்கா அந்தப் போர்டின் முன்னால் நின்று, "இது அவுக இல்ல" என்று சொன்னபோது பதில் சொல்ல வேண்டிய ஆள் நான்தான்.

முதலில் அரங்கத்தைப் பற்றி. 'முன்னத்தி ஏர்' என்று பெயர் வைத்திருக்கிறோம். உழும்போது முதலில் இறங்கும் ஏர் அது. மற்ற ஏர்கள் அதன் பின்னால் போகும். காரைக்குடியிலிருந்து ஆத்தங்குடிப் பக்கம் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். கூட்டுறவுச் சங்கம் கைவிட்ட உரக் கிடங்கை வெள்ளையடித்து, ஊரில் எதையாவது முதன்முதலில் செய்தவர்களின் பொருள்களை அதில் வைத்தோம். முதல் தையல் மிஷின், முதல் ஆயில் இஞ்சின், முதல் வாடகை சைக்கிள், பிரசவம் பார்த்த மலையம்மாளின் தோல் பை. பெரிய வீடுகளைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் வெயில் தாங்காமல் எங்களிடம் ஒதுங்குவார்கள். ஒதுங்கினவர்களை நாங்கள் லேசில் விடுவதில்லை.

'முதல்' என்ற சொல்லுக்கு இவ்வளவு அடிதடி நடக்கும் என்று தொடங்கும்போது யாருக்கும் தோன்றவில்லை. முதல் டீக்கடை யாருடையது என்பதில் இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டன. சைக்கிள் போர்டை ஒரு பங்காளி ராத்திரியோடு ராத்திரியாகத் திருப்பி வைத்தார். இதையெல்லாம் பார்த்துத்தான் செயலாளர் ஹபீப் ரகுமான் பாய் ஒரு விதி போட்டார். அவர் சவூதியில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் ஸ்டோரில் காலம் தள்ளியவர். ரெக்கார்டு இல்லாமல் ஒரு திருகாணிகூட வெளியே போகாத இடம் அது. ஒவ்வொரு போர்டுக்கும் கீழே ஒரு பொத்தான் வைத்தார். அழுத்தினால் அந்த மனிதரின் நெருங்கின சொந்தம் தன் குரலில் பேரையும் செய்த காரியத்தையும் சொல்லும். போர்டில் ஒரு எழுத்தை மாற்ற வேண்டுமென்றாலும் அந்தச் சொந்தம் மறுபடி வந்து வாயால் சொல்ல வேண்டும். இதன் பிறகு சண்டை குறைந்தது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

செந்தாமரை அக்கா நின்ற போர்டில் இப்படி எழுதியிருந்தோம்: 'தங்கராசு. இவ்வட்டாரத்தில் முதன்முதலாக ஒலிபெருக்கி வைத்துத் தொழில் நடத்தியவர்.' கீழே ஒரு ஆம்ப்ளிஃபயர், இசைத்தட்டுப் பெட்டி, இரண்டு குழாய்கள். குழாய் என்று நாங்கள் சொல்வது புளியமரத்தில் கட்டுகிற அந்தப் பெரிய கூம்பு ஸ்பீக்கரை. எல்லாம் அக்கா கொடுத்தவை. பேர் மட்டும் ரேஷன் கார்டு நகலில் இருந்து நான் எடுத்தது. பொத்தானுக்கு அக்காவின் குரலை இன்னும் பதிந்திருக்கவில்லை.

"கார்டுல தங்கராசுன்னுதானக்கா இருக்கு?" என்றேன்.

"கார்டுல இருக்கும். அது அவுக பேரு இல்ல."

"அப்ப அவுக பேரு என்ன?"

அக்கா என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டது போல இருந்தது. அவர் அந்தக் காலத்து மனுஷி. புருஷன் பேரை வாயால் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "இங்கெருங்க" என்றுதான் கூப்பிடுவார். எழுதிக் காட்டுங்கள் என்று கேட்கவும் வழியில்லை. அக்காவுக்குத் தன் கையெழுத்தை மட்டும்தான் போடத் தெரியும்.

அந்த மனிதரை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம், பேர்தான் தெரியாது. ஊர் முழுக்க அவரை 'மைக்செட்டு' என்றே கூப்பிட்டது. மேலூருக்கு அந்தப் பக்கத்து ஆள், தாய் தகப்பன் இல்லாதவர். டூரிங் டாக்கீஸ்காரர்களோடு எடுபிடியாக வந்தார். கொட்டகை அடுத்த ஊருக்குக் கிளம்பியபோது இவர் கிளம்பவில்லை. களையெடுக்கப் போன செந்தாமரையைப் பார்த்ததுதான் காரணம் என்பது ஊரார் கட்சி. பழைய செட் ஒன்றை வாங்கிப் பழுது பார்த்துத் தொழில் தொடங்கினார். கல்யாணமும் ஆனது. பிள்ளைகள் பிறக்கவில்லை.

தொழிலுக்கு வைத்த பேர் 'செந்தாமரை சவுண்டு சர்வீஸ்'. குழாய் ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். எந்த ஊருக்குப் போனாலும் மைக்கைச் சோதிக்க மற்றவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். இவர், "செந்தாமரை, செந்தாமரை, செந்தாமரை" என்பார். நாட்டரசன்கோட்டையில் திருவிழாவென்றால் அங்கே கேட்கும், கல்யாண வீடென்றால் அங்கே கேட்கும். வயல்வெளி தாண்டி மூன்று ஊருக்குத் தன் பேர் போவதைக் கேட்டு அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாராம். "மானத்த வாங்காதீக" என்று கெஞ்சியும் பார்த்திருக்கிறார். மனிதர் விடவில்லை.

அக்கா சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தவர் இல்லை. ஒயர் சுற்றுவது, பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, ஏணியைப் பிடிப்பது, ஈயம் பற்றவைப்பது எல்லாம் அவர் வேலை. மைக்கில் மட்டும் வாயைத் திறந்ததில்லை. ஊரில் எந்த வீட்டுப் பெண் பெரியவளானாலும் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் தெரிந்தது அவர்கள் இருவருக்கும்தான். சேதி கேட்டதும் ஒருவர் பாட்டுத் தட்டைத் தேடுவார், இன்னொருவர் ஒயரைத் தோளில் போடுவார். அவ்வளவுதான் அவர்கள் குடும்பம்.

தங்கராசு வந்து சேர்ந்தது ரேஷன் கார்டு எழுத வந்தவரால். அவர் எங்கேயோ வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். மைக்செட்டு வெளியூரில் குழாய் கட்டிக்கொண்டிருந்த நேரம். வாசலில் நின்ற அக்காவிடம் வீட்டுக்காரர் பேரைக் கேட்டார். அக்கா தாலியைத் தூக்கிக் காட்டினார். "இது எதுல செஞ்சதோ அது" என்றார்.

"தங்கமா?"

"அதுக்கே இன்னொரு பேரு இருக்குல்ல. அது மொதல்ல வரும். பெறகு, பாக்க லட்சணமா இருந்தா என்னம்பாக, அது."

வந்தவருக்கு இன்னும் ஒரு தெரு பாக்கி இருந்தது. "தங்கராசா?" என்றார். அக்கா தலையை ஆட்டினார். இல்லை என்றுதான் ஆட்டினாராம். எங்கள் பக்கத்துத் தலையாட்டலில் இல்லை எது, ஆமாம் எது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் வீடு திரும்பிய மைக்செட்டு விஷயத்தைக் கேட்டு விலா நோகச் சிரித்தார். "சரி விடு. அரிசி வாங்குறது தங்கராசு, திங்கிறது நானு" என்றார். திருத்த மனு கொடுக்கப் போகலாம் போகலாம் என்று தள்ளிப்போட்டு, திருவிழாக் காலம் வந்து, பிறகு யாரும் அதை நினைக்கவில்லை. ரேஷன் கார்டைப் பார்த்து ஓட்டு அட்டை, அதைப் பார்த்து ஆதார், அதைப் பார்த்துக் காஸ் புத்தகம் என்று தங்கராசு கிளை விட்டுக்கொண்டே போனார். கடைசியில் இறப்புச் சான்றிதழும் தங்கராசு பேரில்தான் வந்தது.

மைக்செட்டு கொரோனா இரண்டாவது அலையில் போனார். ஆம்புலன்ஸில் தானே நடந்து போய் ஏறினார். திரும்பி வந்தது பொட்டலமாகக் கட்டிய உடம்பு. வீட்டுப் பக்கம் வராமல் நேரே சுடுகாட்டுக்குப் போனது. அக்காவுக்கும் காய்ச்சல், கதவில் ஸ்டிக்கர் ஒட்டி அடைத்து வைத்திருந்தார்கள். முகம் பார்க்கவில்லை. ஆள் கூடக் கூடாத காலம் என்பதால் பெண்கள் கூடிச் செய்கிற சடங்கு எதுவும் நடக்கவில்லை. தாலி கழுத்திலேயே தங்கிவிட்டது. பிறகு சில பெண்கள் ஜாடை மாடையாக எடுத்துச் சொன்னார்கள். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊர் பேசும் வரை பேசிவிட்டு ஓய்ந்தது.

இப்போது போர்டு விவகாரத்துக்கு வருகிறேன். அக்காவை நான் ஹபீப் பாயிடம் கூட்டிப்போனேன். பாய் பொறுமையாகக் கேட்டார்.

"மாத்திருவோம் அக்கா. அதுக்கென்ன. இந்த ரெக்கார்டர்ல பேரச் சொல்லுங்க."

"பாய், நீங்க ஒவ்வொரு பேராச் சொல்லிக்கிட்டு வாங்க. சரியான பேரு வந்ததும் நான் தலையாட்டுறேன்."

"தலையாட்டுறது ரெக்கார்டுல கேக்காதுக்கா."

"நீங்க சொல்லுறது கேக்கும்ல? அப்பறம் என்ன?"

"நான் ஒங்க சொந்தமில்லையே! நாளைக்கு ஒருத்தன் வந்து, எல்லாச் சீட்டுலயும் தங்கராசுன்னு இருக்கு, ஒங்க போர்டுல மட்டும் எப்படி மாறுச்சுன்னு கேட்டா நான் எதக் காட்டுறது? ஒங்களுக்கு விட்டுக் குடுத்தா டீக்கடைக்காரன் விடுவானா?"

அதில் நியாயம் இருந்தது. இருந்தும் எனக்குக் கோபம் வந்தது. ஒரு பெண்ணின் வாயிலிருந்து வராத ஒரு சொல்லுக்காக இத்தனை கடுமை எதற்கு என்று சத்தம் போட்டேன். பாய் அசையவில்லை. எண்ணெய்க் கம்பெனி அவரை நன்றாகத்தான் பழக்கியிருந்தது.

எனக்கு அந்தப் பேர் பஸ்ஸில் கிடைத்தது. அடுத்த வாரம் ஒரு விசேஷத்துக்காக நானும் அக்காவும் பொன்னமராவதி போனோம். கண்டக்டரிடம் அக்கா முந்திக்கொண்டு, "அமராவதிக்கு ஒரு டிக்கெட்" என்றார். கண்டக்டர் புதியவர், விழித்தார். "அதான்ப்பா, அமராவதி" என்று அக்கா அதட்டினார். அந்த ஊரின் தலையை மட்டும் வெட்டிவிட்டுச் சொல்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழகர்கோயில் அவருக்குக் 'கள்ளர் கோயில்'. யார் வீட்டுக் குழந்தையையும் அவர் அழகு என்று சொல்லிக் கேட்டதில்லை, லட்சணம் என்பார். படிப்பவர்களுக்கும் இந்நேரம் பேர் பிடிபட்டிருக்கும். அக்கா சொல்வதற்கு முன்னால் நான் இங்கே எழுதுவது முறையாக இருக்காது.

திரும்பும்போது கேட்டேன். "ரேசன் கடையில தங்கராசு வீடுன்னு கூப்பிட்டா இத்தன வருசமாப் போயி நின்னீகளே அக்கா. இந்தப் போர்டு மட்டும் ஏன் இப்பிடி உறுத்துது?"

"கார்டு அரிசிக்கு. இது ஆளுக்குல்ல?" என்றார். "எங்களுக்குப் பிள்ளையா குட்டியா. நானும் போயிட்டா அவுக பேரச் சொல்ல ஆரு இருக்கா? அந்தப் பலகைதான். அதுலயும் வேற எவன் பேரோ இருந்தா, அவுக இருந்ததே இல்லன்னு ஆயிரும்."

"அப்ப சொல்லிருங்களேன். ஆயுசு கொறையும்னு பயந்தீக, சரி. அவுகதான் இப்ப இல்லையே."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சொன்ன உடனே தோன்றியது. அக்கா கோபப்படவில்லை.

"அதான் ஏத்தா. அவுக ஆயுசுக்காகத்தான் சொல்லாம இருந்தேன். இப்பச் சொன்னேன்னா என்ன அர்த்தம்? கொறையிறதுக்கு ஒண்ணுமில்லன்னு நானே ஒத்துக்கிட்டதா அர்த்தம். மூஞ்சிகூடப் பாக்கல நானு. நான் எப்பிடி ஒத்துக்குவேன்?"

பஸ் எங்கள் ஊரில் நின்றதும் அக்காவின் பையை வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

போர்டு அப்படியே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா அரங்கத்துக்கு வந்து குழாய்களைத் துடைத்துவிட்டுப் போவார். போர்டைத் துடைக்க மாட்டார். அதில் தூசி படிந்து தங்கராசு மங்கினால் தேவலை என்று நினைத்தாரோ என்னவோ, நான் கேட்டதில்லை. போர்டு தூசியை நான்தான் துடைத்தேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சத்தியமூர்த்தி என்பவர் மனைவியோடு வந்தார். தேவகோட்டைப் பக்கத்துக் கிராமம். கையில் ரோஜா மாலை. நேரே மைக்செட் முன்னால் போய் நின்றார்; போர்டைப் படித்தார்; கண் கலங்கிவிட்டது.

"எங்க அப்பாதாங்க" என்றார் எங்களிடம். "வாட்சப்புல ஒருத்தர் இந்த போட்டோவ அனுப்புனாரு. எங்கப்பா தங்கராசு, அந்தப் பக்கம் பூரா மைக்செட்டு கட்டுனவரு. கடைசிக் காலத்துல எல்லாத்தையும் வித்துட்டாரு. குழாயில இருக்குற பேரு வாங்குனவுக எழுதுனது போலிருக்கு. இது இங்க வந்து கெடக்கும்னு எங்களுக்குத் தெரியாது. ஒரு மனுசனும் அவர மதிச்சதில்லங்க. நீங்க மதிச்சிருக்கீக."

பொய் சொல்கிற முகம் இல்லை. தன் தகப்பனுக்கு யாரோ மரியாதை செய்துவிட்டார்கள் என்று நம்பி, மாலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறார். ஹபீப் பாய்க்கு வியர்த்துவிட்டது. "தம்பி, அது ரெக்கார்டப் பாக்கணும்" என்று இழுத்தார். எந்த ரெக்கார்டைப் பார்ப்பது? எல்லா ரெக்கார்டிலும் தங்கராசுதான். சத்தியமூர்த்தி மாலையைப் பிரித்துக்கொண்டு ஆம்ப்ளிஃபயர் பக்கம் குனிந்தார். மனைவி படம் எடுக்கப் போனைத் தூக்கினார்.

குழாயைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா துணியோடு நடுவில் வந்து நின்றார்.

"தம்பி, செத்தப் பொறுங்க."

அவர் நிமிர்ந்தார்.

"ஒங்கப்பா நல்ல மனுசராத்தான் இருந்திருப்பாரு. ஆனா இது அவரு செட்டு இல்ல."

"போர்டுல பேரு இருக்கேம்மா?"

"போர்டு தப்பு."

"அப்ப இது யாரு செட்டு?"

நேருக்கு நேர் கேட்ட கேள்வி. தாலியைக் காட்டவோ ஊரின் பேரைப் பாதியாக வெட்டிச் சொல்லவோ அதில் இடமில்லை. அக்கா என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்கலாம், வாய் வரை வந்தது. ஆனால் அது என்னுடைய பேர் இல்லை, சொல்ல எனக்கு உரிமை இல்லை. மாலை இன்னும் அந்தரத்தில் இருந்தது. அடுத்த நிமிடம் அது வேறொரு தங்கராசுவுக்கு விழும், அதைப் படமும் எடுத்துவிடுவார்கள்.

"பொன்னழகு" என்றார் அக்கா.

சத்தம் எழும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "பொன்னழகு செட்டு. எங்க வீட்டுக்காரரு."

சொல்லிவிட்டுக் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை.

சத்தியமூர்த்தி நல்ல மனிதர். மனைவியின் கையைத் தொட்டுப் போனை இறக்கச் சொன்னார். மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் சுருட்டி வைத்திருந்தார்.

"ஒங்கப்பா படத்துக்குப் போடுங்க தம்பி" என்றார் அக்கா. "துணிய நனச்சுத் தாரேன், அதுல சுத்திக் கொண்டு போனீகன்னா வாடாது."

அவர்கள் போன பிறகு ஹபீப் பாய் தயங்கித் தயங்கி அக்கா அருகில் வந்தார். "அக்கா, கோவிச்சுக்காதீக. அந்நேரம் ரெக்கார்டர் ஓடல" என்றார். எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது. அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"போடுங்க. சொல்றேன்."

பாய் பொத்தானை அமுக்கினார். அக்கா நிதானமாகச் சொன்னார். "என் வீட்டுக்காரர் பேரு பொன்னழகு. இந்தப் பக்கத்துல மொதல்ல மைக்செட்டு வச்சது அவுகதான். சாவு வீட்டுக்குப் பாட்டுப் போட்டா காசு வாங்க மாட்டாக. மழையில மரத்துல ஏறாதீகன்னா கேக்க மாட்டாக. பேரு பொன்னழகு." முடித்ததும், கேட்டுப் பார்க்கிறீர்களா என்று பாய் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வேல்பாண்டி மறுநாள் வந்து தங்கராசுவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். வெள்ளையடித்துக் காயவைத்து, அளவுக் கோடு போட்டு, பிரஷ்ஷைத் தோய்த்தார். அக்கா பக்கத்தில் நின்றிருந்தார். பிரஷ்ஷைப் பலகையில் வைக்கப் போன வேல்பாண்டி நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"ஆத்தா, பேருக்கு முன்னாடி 'அமரர்' போடணுமா? மத்த போர்டுலயெல்லாம் போட்டிருக்கு. இதுல மட்டும் விட்டுப்போச்சு."

நான் அக்காவைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே ஒரு பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் அடங்கிய பிறகுதான் அக்கா பேசினார்.

"போடுப்பா" என்றார். "அதான் பேரச் சொல்லிட்டேன்ல."